வேலைத்தலம்: “விளங்கிச்சோ?” என்று கேட்காதீர்கள்



சென்ற இதழில் சம்பளச் சீட்டை எப்படி வாசிப்பது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சிலர் தொலைபேசியில் கதைத்தார்கள். அவர்களில் ஒரு தம்பி வேறு ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணை, வாற மாதத்திலையிருந்து எங்கட லைனுக்கு என்னைப் பொறுப்பாப் போட்டிருக்கினம். அஞ்சு பேர் எனக்குக் கீழை. அதிலை மூண்டு பேர் எங்கட ஆக்கள். வேலை எல்லாம் தெரியும். ஆனால் ஆக்களை என்னெண்டு நடத்திறது?”

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. நோர்வேக்கு வந்து சில வருடம் ஒரே இடத்தில் ஒழுங்காக வேலை செய்த எங்கள் ஆட்கள் பலருக்கு இந்தப் பொறுப்பு ஒருநாள் வந்து சேருகிறது. மீன் தொழிற்சாலையாக இருக்கலாம், வெதுப்பகமாக இருக்கலாம், துப்புரவு வேலையாக இருக்கலாம். “உனக்கு வேலை தெரியும், நொஸ்க்கும் ஓரளவு கதைக்கிறாய், இவர்களைப் பார்த்துக்கொள்” என்று ஷெஃப் சொல்லிவிடுவார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்வதில்லை.

நான் பெரிய முகாமையாளர் அல்ல. ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒஸ்லோவில் உணவு பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் எட்டுப் பேர் நிற்கும் லைன் ஒன்றுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எனவே இது புத்தகம் படித்தவர் வகுப்பெடுக்கும் கட்டுரை அல்ல. லைனில் கண்டதையும், இந்த நாட்டில் இதைப்பற்றி முன்னரே யோசித்தவர்கள் செய்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பொறுப்பாக இல்லாதவர்களும் படியுங்கள். உங்களுக்கு மேலே நிற்பவரிடம் நீங்கள் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

எங்கள் மௌனம்

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். புதிதாக வந்த எங்கள் ஆட்கள் வேலையிடத்தில் பேசாமல் இருப்பதற்கு நொஸ்க் தெரியாதது மட்டும் காரணமல்ல.

நாங்கள் வந்த இடத்தில் வாய் திறக்காமல் இருந்தவன்தான் வீடு திரும்பினான். சோதனைச் சாவடியில் கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் சுருக்கமாக. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். விளங்கவில்லை என்று எழுந்து சொன்னால் சிரிப்பு, சில வேளை பிரம்பு. மேலதிகாரி சொன்னால் “ஓம் சேர்”. இப்படி இருபது, முப்பது வருடம் பழகிய ஒரு ஆளை இங்கே கொண்டுவந்து மெசினுக்கு முன்னால் நிறுத்தி, “ஃபொஷ்டோர் தூ?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? “யா, யா” என்றுதான் சொல்வார்.

அந்த “யா” மெசினுக்குப் பக்கத்தில் ஆபத்தானது. நான் பொறுப்புக்கு வருமுன்னர் எங்கள் தொழிற்சாலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெட்டிகளின் மேல் பிளாஸ்ரிக் தாளை ஒட்டி மூடும் மெசினில் ஒரு புதியவரை விட்டார்கள். அவர் எங்கள் ஆள் அல்ல, எரித்திரியாவில் இருந்து வந்தவர். பழக்கியவர் பத்து நிமிடம் விறுவிறு என்று சொல்லிவிட்டு, விளங்கியதா என்று கேட்டார். இவர் தலையாட்டினார். அன்று பின்னேரம் தாள் சிக்கியது. மெசினை நிறுத்தாமலே கையை உள்ளே விட்டார். கையுறை மாட்டிக் கிழிந்தது. கை தப்பியது, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவர் கையை விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிவப்புப் பொத்தான் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஏன் அமத்தவில்லை என்று பிறகு கேட்டபோது, “லைனை நிப்பாட்டினால் ஏச்சு விழும் எண்டு நினைச்சம்” என்றார்கள்.

தன்னம்பிக்கை என்றால் மேடையில் பேசுவது என்று நாங்கள் நினைக்கிறோம். வேலைத்தலத்தில் தன்னம்பிக்கை என்பது அந்தப் பொத்தானை யோசிக்காமல் அமத்துவது. “எனக்கு விளங்கேல்லை, திரும்பக் காட்டுங்கோ” என்று கேட்பது. அது இல்லாத லைனில் வேலை மட்டுமல்ல, விரல்களும் போகும்.

சட்டம் யார் பக்கம்?

நோர்வேயின் வேலைச்சூழல் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ள சட்டம் 2005இல் நிறைவேறி 2006 ஜனவரி 1இல் அமுலுக்கு வந்தது. அதன் 2-3ஆம் பிரிவின்படி, உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தில்லாமல் வேலையைத் தொடர முடியாது என்று ஒரு தொழிலாளி கருதினால் அவர் வேலையை நிறுத்த வேண்டும். கவனியுங்கள், அது உரிமை மட்டுமல்ல, கடமை. நிறுத்தாமல் இருப்பதுதான் பிழை.

இதைவிட “வேர்ண-ஓம்பூட்” என்று ஒருவர் இருக்கிறார். தொழிலாளரின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரதிநிதி. உடனடி ஆபத்து இருந்து, அதை வேறு வழியில் தவிர்க்க முடியாவிட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. 2024 ஜனவரி 1 முதல், ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள் மட்டுமே இப்படி ஒருவரை வைக்காமல் வேறு ஒழுங்கு செய்துகொள்ளலாம். மற்ற எல்லா இடத்திலும் அவர் இருக்க வேண்டும். உங்கள் லைனில் நிற்பவர்களுக்கு அவர் பெயர் தெரியுமா, முகம் தெரியுமா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் அவரைக் கூட்டிவந்து அறிமுகம் செய்யுங்கள். பொறுப்பாக நிற்பவர் முதல் வாரத்தில் செய்யவேண்டிய வேலை அது.

இன்னொரு சொல்லையும் பாருங்கள். தொழிற்சங்கப் பிரதிநிதியை இங்கே “தில்லிட்ஸ்வல்க்ட்” என்கிறார்கள். “தில்லிட்” என்றால் நம்பிக்கை, “வல்க்ட்” என்றால் தெரிவு செய்யப்பட்டவர். தன்னம்பிக்கைக்கு அவர்களுடைய சொல் “செல்தில்லிட்”. “செல்” என்றால் தான். நாங்களும் நம்பிக்கை, தன்னம்பிக்கை என்றுதானே சொல்கிறோம்? இரண்டு மொழியிலும் ஒரே கட்டுமானம். ஒருவர் மீது மற்றவர் நம்பிக்கை வைத்தால்தான் அவருக்குத் தன் மீது நம்பிக்கை வரும். பொறுப்பாக நிற்பவர் இதை மட்டும் நினைவில் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அறுபதுகளில் நோர்வேயில் நடந்த பரீட்சை

இந்த எண்ணங்கள் வானத்தில் இருந்து விழுந்தவை அல்ல. 1960களின் தொடக்கத்தில் இங்குள்ள தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான எல்.ஓ.வும், முதலாளிமார் சங்கமும் (1989 முதல் அது என்.எச்.ஓ. என்ற பெயரில் இயங்குகிறது) சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. சம்பளத்துக்குச் சண்டை பிடிக்கும் இரு பகுதியும் ஒரே மேசையில் இருந்து, தொழிலாளி தன் வேலையைத் தானே நடத்தினால் என்ன நடக்கும் என்று பார்க்க முடிவு செய்தார்கள். ஆராய்ச்சியை நடத்தியவர் ஐனார் தூர்ஸ்ருட் என்ற நோர்வே உளவியலாளர். அவரோடு பிரெட் எமெரி என்ற அவுஸ்திரேலியரும் வேலை செய்தார்.

அவர்கள் நாலு தொழிற்சாலைகளில் பரீட்சித்தார்கள். முதலாவது எங்கள் ஒஸ்லோவில், நீடாலனில் இருந்த கிறிஸ்தியானியா ஸ்பீகர்வேர்க் என்ற இரும்பு, ஆணித் தொழிற்சாலை. இரண்டாவது கிறிஸ்தியான்சாண்டுக்குப் பக்கத்தில் வென்னஸ்லா என்ற இடத்தில் இருந்த ஹூன்ஸ்பொஸ் கடதாசித் தொழிற்சாலை. மூன்றாவது துரொண்ட்ஹைமுக்குக் கிட்ட ஹொம்மல்விக்கில் மின்சார வெப்பமூட்டி செய்த நூபோ. நாலாவது ஹெரோயாவில் நொஷ்க் ஹீட்ரோவின் உரத் தொழிற்சாலை.

நீடாலனில் கம்பி இழுக்கும் பகுதியில் முன்னர் ஒரு ஆளுக்கு ஒரு மெசின் என்ற முறை இருந்தது. ஒருவருடைய மெசினில் கம்பி அறுந்தால் அவர் தனியே மாரடிப்பார், பக்கத்தில் நிற்பவர் சும்மா நிற்பார். அதை மாற்றி, ஒரு குழு பல மெசின்களைச் சேர்ந்து பார்க்கும்படி விட்டார்கள். நூபோவில் குழுக்கள் வேலையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. மேற்பார்வைக்கு மேலிருந்து ஒருவரை நிறுத்தாமல், குழுவே தங்களுக்குள் ஒருவரைத் தொடர்பாளராக வைத்துக்கொண்டது. ஹீட்ரோவில் புதிய தொழிற்சாலை 1967இல் தொடங்குமுன்னரே தொழிலாளருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் எத்தனை வேலைகளைக் கற்றிருக்கிறார் என்பதைப் பார்த்துச் சம்பளம் ஏறும்படி வைத்தார்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல வரவில்லை. நீடாலனில் உற்பத்தி கூடியது, கூலியும் கூடியது. மற்றப் பகுதிக்காரரோடு கூலிச் சமநிலை குழம்பியது. பரீட்சை அங்கே நின்றுவிட்டது. நோர்வே முழுவதும் பரவும் என்று எதிர்பார்த்தது போலப் பரவவும் இல்லை. ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. சுவீடனில் வொல்வோ கம்பனி 1974இல் கல்மாரில் குழுக்கள் கார் பூட்டும் தொழிற்சாலையைக் கட்டியது. நோர்வேயிலே 1977இல் வந்த வேலைச்சூழல் சட்டத்தில், தொழிலாளிக்குத் தன் வேலையில் கற்கவும் முடிவெடுக்கவும் இடம் இருக்கவேண்டும் என்ற கருத்து சட்டமாகவே ஏறியது. இன்றைய சட்டத்திலும் அது இருக்கிறது. நீடாலனில் இப்போது கந்தோர்களும் வீடுகளும்தான். 2005இல் இருந்து பி.ஐ. என்ற வணிகக் கல்லூரி அங்கே இருக்கிறது. தொழிலாளர் கம்பி இழுத்த பகுதியில் இன்று பிள்ளைகள் முகாமைத்துவம் படிக்கிறார்கள்.

ஒரு ஆளுக்கு வேலையில் என்ன தேவை?

தூர்ஸ்ருட்டும் எமெரியும் சம்பளத்துக்கு அப்பால் ஒரு மனிதருக்கு வேலையில் தேவைப்படும் ஆறு விடயங்களைச் சொன்னார்கள். என்னுடைய சொல்லில் தருகிறேன்.

ஒன்று, வேலை கொஞ்சமாவது மாறி மாறி இருக்கவேண்டும். நாள் முழுக்க மூடியை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு மூளை உறங்கிவிடும்.

இரண்டு, தொடர்ந்து கற்க ஏதாவது இருக்கவேண்டும்.

மூன்று, தானே முடிவெடுக்கும் ஒரு இடம், சிறிதாக இருந்தாலும், இருக்கவேண்டும்.

நாலு, பக்கத்தில் நிற்பவரின் துணையும் மதிப்பும் கிடைக்கவேண்டும்.

ஐந்து, தான் செய்யும் வேலைக்கும் வெளியுலகுக்கும் என்ன தொடர்பு என்று தெரியவேண்டும். இந்தப் பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று தெரிந்தால் அதை மூடும் கை வேறு மாதிரி மூடும்.

ஆறு, இந்த வேலை தன்னை ஒரு நல்ல இடத்துக்குக் கொண்டுபோகும் என்ற எதிர்காலம் தெரியவேண்டும்.

எங்களுக்கு இது புதிதல்ல. திருக்குறளில் 51ஆவது அதிகாரம் தெரிந்து தெளிதல், 52ஆவது அதிகாரம் தெரிந்து வினையாடல். ஆளை நன்றாக ஆராய்ந்து எடு, எடுத்தபின் சந்தேகப்படாதே, அவனால் முடியும் என்று கண்டால் வேலையை அவனிடமே விட்டுவிடு என்பதுதான் அங்கே சொல்லப்படுவதன் சாரம். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம், லைனில் மறந்துவிடுகிறோம்.

செய்து பார்க்கக்கூடியவை

இனித் தம்பி கேட்டதற்கு வருகிறேன்.

முதலாவது, “விளங்கிச்சோ?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஓம் என்ற ஒரே பதில்தான் உண்டு. “நீங்கள் ஒருக்காச் செய்து காட்டுங்கோ, நான் பாக்கிறன்” என்று சொல்லுங்கள். நொஸ்க்கில் “கான் தூ விஸ மை?” என்று கேட்கலாம். செய்து காட்டும்போது எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று தானாகத் தெரிந்துவிடும். அவர் வாயால் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, கையில் இருந்து பறிக்காதீர்கள். புதியவர் ஆறுதலாகச் செய்கிறார் என்று கண்டதும், “தாங்கோ, நான் செய்யிறன்” என்று வாங்கிவிடுவோம். எங்களுக்கு அது உதவி போலத் தெரியும். அவருக்கு அது “உன்னால் ஏலாது” என்று கேட்கும். ஆபத்து இல்லாத வேலையென்றால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இரண்டு நிமிடம் பிந்தினால் பிந்தட்டும்.

மூன்றாவது, முழு வேலை ஒன்றைக் கொடுங்கள். சின்னதாக இருக்கட்டும், ஆனால் தொடக்கமும் முடிவும் அவருடையதாக இருக்கட்டும். எங்கள் லைனில் ஒரு ஐயா நிற்கிறார். ஊரில் பல வருடம் ஆசிரியராக இருந்தவர். நாங்கள் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவோம். இங்கே வந்து பெட்டி அடுக்குகிறார். மாதக்கணக்காக யாரோடும் கதைக்கவில்லை, தலையைக் குனிந்தபடி வந்து போவார். குளிர் அறையின் வெப்பநிலையைக் குறிக்கும் வேலையை அவரிடம் முழுவதுமாகக் கொடுத்தோம். அளப்பது, எழுதுவது, கூடினால் யாருக்குச் சொல்வது, எல்லாம் அவர். இரண்டு கிழமையில் தானே கோடு போட்டு ஒரு அட்டவணை செய்து சுவரில் ஒட்டினார். ஒருநாள் வெப்பநிலை ஏறியிருந்ததைக் கண்டு, என்னிடம்கூட வராமல் நேரே பராமரிப்புக்காரரிடம் போய் நொஸ்க்கில் சொன்னார். இலக்கணம் சரியோ தெரியாது, வேலை நடந்தது. இப்போது புதிதாக வருபவர்களுக்கு அந்த வேலையைப் பழக்குவது அவர்தான். ஆசிரியருக்குப் பழக்கத் தெரியாதா? அதைக் கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நாலாவது, பிழையைத் தனியேயும், நல்லதை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். எங்கள் ஊர் வழக்கம் இதற்கு நேர்மாறு. சபையில் வைத்து ஏசுவோம், நல்லதை மனதுக்குள் வைத்துக்கொள்வோம், “தலையில் ஏறிவிடுவான்” என்று. நல்லதைச் சொல்லும்போது “நல்லாச் செய்யிறாய்” என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. “நேற்று லேபல் திகதி பிழை எண்டு நீங்கள் கண்டபடியால் ஒரு தட்டு முழுக்கத் தப்பினது” என்று நடந்ததைச் சொல்லுங்கள். அதை அவர் வீட்டில் போய் மனைவி பிள்ளைகளுக்குச் சொல்வார்.

ஐந்தாவது, லைனை நிறுத்தியவரை ஏசாதீர்கள். தேவையில்லாமல் நிறுத்தினாலும் ஏசாதீர்கள். “நிப்பாட்டினது நல்லது, இனி வாங்கோ என்ன நடந்தது எண்டு பாப்பம்” என்று தொடங்குங்கள். ஒருமுறை ஏசினால் அந்த லைனில் இனி யாரும் பொத்தானில் கை வைக்கமாட்டார்கள்.

நாங்கள் எங்களுக்குள்ளே

எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களுக்குப் பொறுப்பாக நிற்கும்போது வேறு சில சிக்கல்கள் வரும். இவற்றை வெளிப்படையாகக் கதைப்பது நல்லது.

முதலாவது, வயதும் படிப்பும். நோர்வேக்காரருக்கு எல்லாரும் பெயர்தான், ஷெஃப்பையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு அப்படி முடியாது. என்னைவிட மூத்தவரை அண்ணை என்றும், மாஸ்ரரை மாஸ்ரர் என்றும்தான் கூப்பிடுகிறேன். பொறுப்பு வந்துவிட்டது என்று “நீ, வா, போ” என்று மாறினால் அன்றைக்கே அவர் மனம் விட்டுப்போகும். அதேநேரம், மூத்தவர் என்பதற்காகச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடவும் கூடாது. “அண்ணை, கையுறை போடாமல் இதிலை நிக்கேலாது” என்று மரியாதையோடும் உறுதியோடும் சொல்லலாம். மரியாதையும் உறுதியும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஷெஃப் சொல்வதைத் தமிழில் சொல்வது, இவர்கள் சொல்வதை நொஸ்க்கில் சொல்வது என்று நாங்கள் நடுவில் நின்றுகொள்கிறோம். முதல் மாதம் அது உதவி. ஒரு வருடம் கழிந்தும் அப்படியே இருந்தால் அது வேலி. அவர் ஷெஃப்போடு நேரே ஒரு வார்த்தை கதைக்கமாட்டார், ஷெஃப்புக்கும் அவர் யாரென்றே தெரியாது. சம்பள உயர்வோ, நிரந்தர வேலையோ கதைக்கும்போது தெரியாத ஆளை யார் நினைப்பார்கள்? எனவே கொஞ்சம் கொஞ்சமாக விலகுங்கள். “நீங்கள் முதலிலை சொல்லுங்கோ, விட்ட இடத்திலை நான் சேத்துச் சொல்லுறன்” என்று பக்கத்தில் நில்லுங்கள். பாதுகாப்பு, ஒப்பந்தம், வருத்தம் போன்ற பெரிய விடயங்களில் மட்டும் சரியான மொழிபெயர்ப்பு வேண்டும், அதில் ஊகத்துக்கு இடமில்லை.

எங்கள் லைனில் ஒரு தங்கச்சி இருக்கிறா. வருத்தம் என்றால் அவவின் கணவர்தான் தொலைபேசியில் சொல்வார். அவவுக்குத் தன் வருத்தத்தைத் தானே சொல்லலாம் என்ற எண்ணமே இல்லை. இந்த நாட்டில் ஒரு இடத்தில் இரண்டு மாதம் வேலை செய்தவர், வைத்தியரின் கடிதம் இல்லாமலே, தன் சொல்லில் ஒரு முறைக்கு 3 நாள்வரை சுகவீன லீவு எடுக்கலாம். வருடத்தில் 4 முறை. சில இடங்களில் அதைவிடக் கூடவும் கொடுக்கிறார்கள். இதை “ஏகன்மெல்டிங்” என்கிறார்கள், அதாவது தானே அறிவிப்பது. ஒரு தொழிலாளியின் வாய்ச்சொல்லைச் சட்டம் நம்புகிறது என்று அவவுக்கு விளக்கினோம். “யாய் ஆர் சீக் இ தாக்” என்ற வசனத்தையும் இன்னும் இரண்டு வசனத்தையும் ஒரு துண்டில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். அடுத்த முறை அவவே எடுத்துச் சொன்னா. அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில், சிஃப்ற் மாற்றுவதற்கும் தானே ஷெஃப்பின் அறைக் கதவைத் தட்டினா. சின்ன விடயம்தான். ஆனால் அந்தக் கதவு அவவுக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்று அவவுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, பக்கம் சாய்வது. எங்கள் ஆள் என்று லேசான வேலையைக் கொடுத்தால் மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். போலந்துக்காரர், சோமாலியர், வியட்நாமியர் என்று எல்லாரும் ஒரே லைனில் நிற்கிறோம். சாய்வால் எங்கள் ஆளுக்கும் நன்மையில்லை. தன் திறமையால் கிடைத்ததா, தமிழன் என்பதால் கிடைத்ததா என்று அவருக்கே தெரியாமல் போய்விடும். இன்னொன்று, மற்றவர்கள் நிற்கும்போது முழுக்கத் தமிழில் கதைத்துச் சிரிக்காதீர்கள். தங்களைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று நினைப்பார்கள். நாங்களும் அப்படித்தானே நினைப்போம்?

வெறும் தட்டிக்கொடுத்தல் போதாது

கடைசியாக ஒன்று. தன்னம்பிக்கை கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒருவரிடம் இரண்டு பேரின் வேலையை வாங்கும் இடங்களும் உண்டு. “நீ கெட்டிக்காரன்” என்று முதுகில் தட்டுவார்கள், சம்பளச் சீட்டில் ஒன்றும் தெரியாது. நீடாலனில் பரீட்சை கூலியில்தான் வந்து இடறியது என்பதை மறக்கக்கூடாது. ஹீட்ரோவில் செய்ததுபோல, கற்றதற்குப் பெறுமதி கிடைக்கவேண்டும்.

எனவே ஒருவர் புதிய வேலை ஒன்றைக் கற்று நன்றாகச் செய்கிறார் என்றால், அதை ஷெஃப்பிடம் பெயர் சொல்லிச் சொல்லுவது பொறுப்பாக நிற்பவரின் கடமை. “நான் பழக்கினேன்” என்று சொல்லாதீர்கள், “அவர் செய்கிறார்” என்று சொல்லுங்கள். அவரைத் தில்லிட்ஸ்வல்க்ட்டிடம் அனுப்பி, சம்பளப் படியில் அவர் எங்கே நிற்கவேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். பல வருடம் ஒரு தொழிலில் நின்றவர்கள், பள்ளிக்கூடம் போகாமலே, அந்த அனுபவத்தைக் காட்டி “பிராக்சிஸ்கண்டிடாட்” ஆகப் பரீட்சைக்குத் தோற்றி “ஃபாக்பிரேவ்” என்ற தொழிற்சான்றிதழ் எடுக்கலாம். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் கையில் தொழிலை வைத்துக்கொண்டு, கடதாசி இல்லாமல் நிற்கிறார்கள். உங்கள் லைனில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். தூர்ஸ்ருட் சொன்ன ஆறாவது தேவை, அதாவது எதிர்காலம், அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் ஒரு கிழமை சுகவீனமாக வீட்டில் இருக்கும்போது லைன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் உங்களுக்குப் பயம் வேண்டாம். “நான் இல்லாமலும் ஓடுது, இனி என்னை ஏன் வைச்சிருக்கப்போகினம்” என்று சிலர் யோசிப்பார்கள். அப்படி யோசித்து, வேலையின் முடிச்சுக்களைத் தங்கள் கைக்குள்ளேயே பொத்தி வைப்பார்கள். அது பயத்தில் வருவது. கூட நிற்பவர்களைப் பயத்தில் இருந்து வெளியே கொண்டுவர வேண்டுமென்றால், பொறுப்பாக நிற்பவர் தன் பயத்தை முதலில் விடவேண்டும்.

பொறுப்பு ஏற்கப்போகும் தம்பிக்கும், அவரைப்போன்ற தம்பி தங்கச்சிமாருக்கும் என் வாழ்த்துக்கள். இதைவிட நல்ல வழிகள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதி அனுப்புங்கள், எல்லாரும் படித்துப் பயன்பெறட்டும். அடுத்த இதழில் ஃபாக்பிரேவ் பரீட்சைக்கு எப்படி ஆயத்தம் செய்வது என்பதைப் பார்ப்போம்.

வணக்கம்.